கழுவாத தாங்கி

மயிலிட்டியில் படகு இயந்திரங்கள் திருத்துவது என் தொழில். சூசை அண்ணை தன் பழைய படகின் டீசல் தாங்கியைத் திருத்தத் தந்தார். ஓட்டையை அடைத்து வர்ணம் பூசினேன். உள்ளே துரு உதிர்வது தெரிந்தும் கழுவாமல் கொடுத்துவிட்டேன்.

அந்தத் துரு குழாயை அடைத்து, இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. இரண்டு நாட்களின் பின் இன்னொரு படகு அவர் படகைக் கட்டி இழுத்து வந்தது. தாகத்தில் அவர் உதடெல்லாம் வெடித்திருந்தது.

அவர் மனைவி அழுதபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, தாங்கிக்கு உள்ளுக்கை கழுவினனீரே?"

நான் பதில் சொல்லுமுன் அண்ணை குறுக்கிட்டார். "உவனைக் கேளாதை. கழுவ வேண்டாம், கெதியாய்த் தா எண்டு நான்தான் சொன்னனான்."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நானும் மறுக்காமல் நின்றேன்.

மறுநாளே தாங்கியைக் கழற்றி, சங்கிலித் துண்டுகள் போட்டுக் குலுக்கி, துரு முழுவதையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.