இடுப்பில் பூசணிக்காய்

தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதி எத்தனையோ வருஷமாச்சு, நடந்ததில் பாதி மறந்தும் போச்சு. மறக்காதது ஒரு பூசணிக்காய்.

வருஷம் அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ. மத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மகன் பிறந்த கையோடு எனக்கு டி.பி. வந்துவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் ஊசி போட்டார்கள். இருமல் அடங்கியது, நடைதான் கெட்டுப்போனது. தலையைத் திருப்பினால் சுவரும் கூடவே ஆடும். தெருவில் தள்ளாடிப் போனால் பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாடி, காலங்காத்தாலயே சாராயமா?" என்று சிரிப்பாள். ஊசியால் வந்த தள்ளாட்டம் என்றார் டாக்டர். நோய் இனி ஒட்டாது, பிள்ளையைத் தூக்கலாம் என்றும் சொன்னார். மாமியார்தான் தரவில்லை. "ஒட்டறதுக்குப் பயமில்ல கண்ணு. கீழ போட்டுட்டீன்னா?" என் மகன் அவர் இடுப்பிலிருந்து என்னை யாரோ போலப் பார்ப்பான்.

ஆஸ்பத்திரி நர்சம்மா கன்னடக்காரர், என் வயதுதான். அவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பாதங்களைச் சேர்த்து நின்று, நீட்டிய கட்டைவிரலை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். அப்புறம் குதிகாலை மற்றக் காலின் விரலில் முட்ட வைத்துச் சுவரோரமாக நடக்க வேண்டும். "கீழ பாக்க பேடம்மா, நேரா பாரு" என்பார்; அவர் பாஷையில் பேட என்றால் வேண்டாம். அது பழகியபின், குழந்தை எடைக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

வீட்டில் அந்த எடைக்கு இருந்தது பூசணிக்காய்தான். மூன்றாம் நாளே விழுந்தேன். காய் நாலாகப் பிளந்தது. மாமியார் பொறுக்கிக் குழம்பு வைத்தார். அடுத்த மாசமும் அதற்கடுத்த மாசமும் விழுந்தேன். மாமனார் தட்டைப் பார்த்ததும், "மறுபடியும் விழுந்துட்டாளா?" என்றார். எனக்கோ, விழுந்தது பிள்ளையாக இருந்திருந்தால் என்றே நினைப்பு ஓடியது.

இனி வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி சந்தைக் கதையைச் சொன்னாள். மாமியார் ஒரு இடுப்பில் பேரனையும் மறு இடுப்பில் பூசணிக்காயையும் வைத்து ஒவ்வொன்றாக எடை பார்த்தாராம். "ஏம்மா, காய வாங்கறியா, பேரன விக்கறியா?" என்று கடைக்காரன் கேட்க, "ரெண்டும் ஒரே கனமா இருக்கணும், நீ பேசாம இரு" என்றாராம். பையன் வளர வளரப் பெரிய காயாக வந்துகொண்டிருந்தது அதனால்தான். மறுநாளே எழுந்து நடந்தேன்.

ஒரு காலையில் காயோடு நடக்கையில் தெருவில் யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினேன். சுவர் ஆடவில்லை. மாமியார் வந்து காயை இறக்கி வைத்துவிட்டு, மகனை என் இடுப்பில் உட்காரவைத்தார். "நட. நான் பின்னாடி வரல" என்றார். வரவும் இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அவன் அழவில்லை; என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். வலித்தது, சிரித்தேன்.

பயிற்சியில் எது முன்னே, எது பின்னே என்று மாற்றி எழுதியிருப்பேனோ தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். என் எழுத்தை நம்பி யாரும் விழுந்துவிடக் கூடாது.