பிரீச் பிளக்கில் ஒரு சந்தனப் பொட்டு

1. கிரீஸ் நிப்பிள் என்று நினைத்தேன்

நான் லேத் பழகியது கோயம்புத்தூரில், கணபதி பக்கம் ஒரு பம்ப் செட் பட்டறையில். ரிட்டயர் ஆனது டெக்சாஸில், கேட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் ஷாப்பில். எங்கள் ஷாப்பின் சோறு ஆயில் கம்பெனிகளுக்கான வால்வ் பாகங்கள். பழனிசாமி என்ற என் பெயரை ஓனர் கேரி முதல் வாரமே பாதியாக வெட்டிவிட்டார். அங்கே எல்லோருக்கும் நான் சாமி.

ஒருநாள் கேரி கட்டைவிரல் நீளத்துக்கு, திரெட் போட்ட ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து என் பெஞ்சில் வைத்தார். நான் ஏதோ கிரீஸ் நிப்பிள் என்று நினைத்தேன்.

"கிரீஸ் நிப்பிளா? இதை வெளியில சொல்லிடாத சாமி, டெக்சாஸை விட்டே துரத்திடுவாங்க" என்று கேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். (அவர்கள் பேசியது இங்கிலீஷ்தான். நம் பேச்சில் எழுதுகிறேன்.)

அது மஸில்லோடர் துப்பாக்கியின் பிரீச் பிளக். மஸில்லோடர் என்பது வாய் வழியாக மருந்து போட்டு, குண்டை இடித்து இறக்கிச் சுடுகிற துப்பாக்கி. அதில் மான் வேட்டைக்கென்றே தனி சீசன் உண்டு. குழாயின் பின்பக்கத்தை மூடுகிற மரைதான் பிரீச் பிளக். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பின்னால் பிரைமர் என்ற சின்னக் குப்பி இருக்கும். ட்ரிகரை இழுத்தால் பிரைமர் வெடித்து, அந்த நெருப்பு துளை வழியாகப் போய் மருந்தைப் பற்றவைக்கும். துளை சரியில்லை என்றால் நெருப்பு தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. நெருப்பு தாமதமாவதை ஹேங் ஃபயர் என்பார்கள்.

அந்தப் பிளக்கின் சொந்தக்காரர் வால்ட். பைப்லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்தபிறகு ஃபுல்ஷியர் பக்கம் தனி வீட்டில் இருந்தார். அவரே சமைப்பார், அவரே புல் வெட்டுவார், அவரே ட்ரக் ஓட்டிக்கொண்டு ஒக்லஹோமா வரை வேட்டைக்குப் போவார்.

"ட்ரிகரை இழுத்தா க்ளிக்குங்குது. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் வெடிக்குது. எனக்கு யோசிக்கிற துப்பாக்கி வேண்டாம் சாமி" என்றார்.

துளை நெருப்பில் தேய்ந்து அகலமாகியிருந்தது. போதாததற்கு அவர் போட்டுக்கொண்டிருந்த ஷாட்கன் பிரைமர் ஏகப்பட்ட கரி கக்கும். ரைபிள் பிரைமர் அளவில் சின்னது, சுத்தமாக எரியும். அது உட்காருகிற மாதிரி பின்பக்கத்தை மாற்றி, துளைக்கு உள்ளே கழற்றி மாட்டக்கூடிய ஒரு கெட்டியான லைனர், அதாவது சின்ன உள்குழாய், வைத்தேன். எழுத இரண்டு வரிதான் ஆகிறது. செய்தபோது மூன்று பிளக் ஸ்கிராப் டப்பாவுக்குப் போயிற்று. எனக்கு என் மேலேயே அப்படிக் கோபம் வந்தது. நாலாவது பிளக்கை எடுத்துக்கொண்டு போனவர் அந்த சீசன் முடிந்ததும் ஷாப்புக்கு வந்து என் கையைப் பிடித்து ஆட்டினார்.

"இழுத்தேன், வெடிச்சுது. நடுவுல ஒண்ணுமே இல்லை."

அதன் பிறகு அவருடைய நண்பர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். வால்வ் வேலையில் பேர் வாங்காத நான் பிரீச் பிளக்கில் பேர் வாங்கினேன். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2. பொட்டு

எங்கள் ஷாப்பில் வருஷா வருஷம் ஆயுத பூஜை நடக்கும். முதல் வருஷம் நான் தயங்கித் தயங்கி என் லேத்துக்கு மட்டும் பொட்டு வைத்தேன். கேரி பார்த்துவிட்டு, மற்ற மெஷின்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்டார். பிறகு அது ஷாப்பின் திருவிழாவாகவே ஆகிவிட்டது. பொரிகடலைக்குக் கூட்டம் அடித்துக்கொள்ளும்.

"சாமி, போன வருஷம் என் சி.என்.சி.க்குப் பொட்டைச் சின்னதா வச்சுட்ட. வருஷம் பூரா அலாரம் அடிச்சுட்டே இருந்துச்சு. இந்தத் தடவை பெருசா வை" என்பார் கேரி.

நான் பழகிய கணபதிப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினுக்கும் டூலுக்கும் வைத்துவிட்டு, கடைசியாக முடித்த ஜாபுக்கும் ஒரு பொட்டு வைப்போம். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லருக்குப் பொட்டு வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் கடைசியில் வந்தது. ஒக்லஹோமாவில் மஸில்லோடர் சீசன் தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது. வால்ட் லைனர் மாற்றக் கொடுத்திருந்த பிளக் என் பெஞ்சில் தயாராக இருந்தது. முதல் நாளே பின் கேஜ் என்ற அளவு ஊசியை விட்டுத் துளையைப் பார்த்து, டேகில் கையெழுத்தும் போட்டிருந்தேன். மருந்தைத் தொடுகிற மூக்குப் பக்கம் மேலே பார்த்தபடி நின்றிருந்தது. கடைசியாக முடித்த ஜாப் அதுதான். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து வைத்திருந்தேன். மோதிர விரலால் தொட்டு அதன் மூக்கில் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில், துளை மேலேயே.

மறுநாள் வால்ட் வந்தார். வேஸ்ட் துணியால் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தேன். மறுபடி பின் கேஜ் விடவில்லை. அதுதான் பார்த்தாயிற்றே, கையெழுத்துப் போட்டாயிற்றே என்ற நினைப்பு.

3. ஒக்லஹோமா

பிறகு நடந்ததை அவர் மகள் டெபி சொல்லித் தெரிந்துகொண்டேன். சீசனின் முதல் காலை. மான் பக்கவாட்டில் நின்றது. வால்ட் ட்ரிகரை இழுத்தார். க்ளிக் என்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றும் இல்லை. அதற்குள் மான் திரும்பிவிட்டது, அதன் பிறகு வெடித்தது. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது.

அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை வால்ட். ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரைக்கும் தனியாகத் தேடியிருக்கிறார். ஓர் ஓடைக் கரையில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. மான் கிடைக்கவேயில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டெபி துப்பாக்கியை ஷாப்புக்குக் கொண்டுவந்தாள். தூங்காத முகம்.

"அப்பா எப்பவும் லோட் பண்றதுக்கு முன்னாடி, மருந்து நனைஞ்சு லேட்டா வெடிக்காம இருக்க, பேரல்ல இருக்கிற ஆயிலைத் துடைப்பாரு. வெறும் பிரைமர் ரெண்டு அடிச்சுப் பார்ப்பாரு. அன்னைக்கும் பண்ணேன்னுதான் சொல்றாரு. ஆனா கொஞ்ச நாளாவே அவருக்கு மறதி. போன மாசம் ஸ்டவ்வை அணைக்காம விட்டுட்டாரு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. தப்பு துப்பாக்கியிலயா, அவர்கிட்டயா?"

நன்றாகக் கவனியுங்கள். அவள் என்னிடம் நஷ்ட ஈடு கேட்கவில்லை. தன் அப்பாவைத் தனியாக விடலாமா கூடாதா என்று கேட்டாள்.

4. லூப்

பிளக்கைக் கழற்றி, கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியான லூப் வைத்துப் பார்த்தேன். வெளியெல்லாம் மருந்துக் கரி. ஆனால் மூக்கை ஒட்டிய முதல் திரெட்டின் அடியில் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. லைனர் துளையில் பின் கேஜ் போகவில்லை. சுற்றிலும் ஓடு மாதிரி ஏதோ இறுகிப் போயிருந்தது. ஊசியால் சுரண்டினேன். மருந்துக் கரி அவ்வளவு கெட்டியாக இருக்காது. துணியால் அழுத்தித் துடைத்தபோது சந்தனத்தை நானே உள்ளே தள்ளியிருக்கிறேன். ஷாப் ஏ.சி.யில் அது காய்ந்து பாதித் துளையை அடைத்துவிட்டது. காலிப் பேரலில் பிரைமர் மட்டும் அடித்தால் சத்தம் சரியாகத்தான் கேட்கும். மருந்தைப் பற்றவைக்கிற அளவு நெருப்பு சட்டென்று போயிருக்காது.

 கேரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார். நான் அவரிடம் பிளக்கைக் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அல்ட்ராசானிக் கிளீனரில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் துளை பளிச்சென்று ஆகிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், பொட்டு வைத்துத் துப்பாக்கியைக் கெடுத்தான் என்று ஷாப் முழுக்கச் சிரிக்குமே என்பதுதான். பூஜையை நிறுத்தச் சொல்வார்களே என்றும் நினைத்தேன். ஒரு மனுஷன் இடுப்பு உடைந்து கிடக்கிறான், நான் என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"பிளக்ல ஒண்ணும் இல்லைங்க" என்று டெபியிடம் சொன்னேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "நினைச்சேன்" என்றாள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கேரி பக்கத்தில் வந்து, "நம்ம தப்பு எதுவும் இல்லையே?" என்றார். இல்லை என்று அவரிடமும் சொன்னேன். ஒரே பொய்யைக் கால் மணி நேரத்தில் இரண்டு பேரிடம்.

5. ஒரு வருஷம்

வால்ட் தேறிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது. எல்லாம் சரியாகப் போயிற்று என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவருடைய வேட்டை நண்பர்கள் மூலம் காதில் விழுந்தது. துப்பாக்கிகளை டெபி எடுத்துப் போய்விட்டாள். ட்ரக் சாவியையும் வாங்கிவிட்டாள். கடைசியில் அவரை அசிஸ்டட் லிவிங் என்கிற ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் முரண்டு பிடிக்கவில்லையாம். எனக்கே என்மேல் நம்பிக்கை போயிடுச்சு என்றாராம்.

அந்த மனுஷனை முரண்டு பிடிக்காமல் செய்தது நான்.

மறு வருஷ ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் மனைவி சரோஜா சந்தனம் எடுத்து வைத்தாள். நான் இந்தத் தடவை பூஜை வேண்டாம் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டாள். சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"ஏனுங்க, இடுப்பு ஒடைஞ்சதுக்கு நீங்க என்ன பண்ண முடியும், அது ஒடைஞ்சு போச்சு. ஆனா அந்தப் பெரிய மனுசன் தனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டு ஒக்காந்திருக்காரில்லைங்க? மொதல்ல போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. பூஜையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த நாள் காலையில் முதலில் கேரியிடம் சொன்னேன்.  "போ. வக்கீல் பேச்செல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பழைய மாதிரி சிரித்துப் பேசவில்லை.

6. நாலு பேர்

வால்ட் தன் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, துணி, துளை, அல்ட்ராசானிக், டெபியிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் ஆயிலைத் துடைச்சிருக்கேன்" என்றார்.

"துடைச்சிருக்கீங்க சார். உங்கமேல ஒரு தப்பும் இல்லை."

"பேரல்ல மூணு துணி விட்டேன். மூணாவது துணி வெள்ளையா வந்துச்சு. ட்ரக்கோட டெயில்கேட்ல வச்சுப் பார்த்தேன். ரெண்டு பிரைமர் அடிச்சேன். ரெண்டாவது அடிக்கும்போது பேரல் வாய்க்கு நேரா இருந்த புல் ஆடிச்சு." ஒவ்வொன்றாக விரலை மடக்கிக்கொண்டே சொன்னார். ஒரு வருஷமாகத் தினமும் இதையே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று புரிந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சொல்லு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.  டெபி, "வீட்டை வித்துட்டோம் சாமி. நான் உங்களை நம்பி வந்து கேட்டேன்" என்றாள். 

இளம் மெஷினிஸ்ட்கள் இதைப் படித்தால் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த ஜாபை யார் எதற்காகத் தொட்டாலும், சாமிக்காகத் தொட்டாலும், மறுபடி இன்ஸ்பெக்‌ஷன் செய்யுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டால் தப்பு மறைந்து போகாது. பாவப்பட்ட வேறு ஒருவர் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்.

அன்றைக்கு வால்ட் என்னைச் சீக்கிரம் விடவில்லை. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம், "நான் துப்பாக்கியை ஒழுங்கா க்ளீன் பண்ணித்தான் வச்சிருந்தேன். இவர்கிட்டக் கேளு" என்றார். ஆமாம் என்றேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு டைனிங் ஹாலுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அவரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிற இரண்டு கிழவர்களிடமும் அதையே சொல்லச் சொன்னார். அவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. சத்தமாக, இரண்டு தடவை சொன்னேன். டெபியைச் சேர்த்து நாலு பேர். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் போதும்.