எண்பது பைட்டும் ஒரு பூஜ்யமும்

மனித குலத்துக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பு. விஞ்ஞானிகளும் மந்திரவாதிகளும் கூட்டுச் சேர்ந்து இத்தனை காலம் மறைத்துவந்த உண்மையை இங்கே முதன்முறையாக வெளியிடுகிறேன்: பேய் மத்தியானத்திலும் வரும். குளிரூட்டிய அறைக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமையானாலும் வேலைக்கு வரும். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் அலுவலகத்து ஆட்களைவிட அது மேல்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது. ஒவ்வொரு நிமிடமும் பதிவில் இருக்கிறது.

ஆற்றைக் கண்காணிக்கும் அலுவலகம் எங்களுடையது. அங்கே பீரோ அளவில் ஒரு பழைய பெருங்கணினி. அது தின்னும் மின்சாரத்தைப் பார்த்து ‘யானை’ என்று பெயர் வைத்திருந்தோம். அதற்கு அசெம்ப்ளர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையிடம் சொல்வதுபோல இதை எடு, அங்கே வை, இப்போது எழுந்திரு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லாததைச் செய்யாது.

ஆற்றின் மேற்புறம், மலைச்சரிவில் ஒரு குடில். அதில் ஒரே ஆள். ‘மேட்டுக்காரர்’ என்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைத் தட்டி அனுப்புவார். அது கம்பி வழியே வந்து, சாக்கெட் என்ற வாசலில் என் நிரலுக்காக விழும். ஒரு செய்திக்கு எண்பது பைட். கடைசியில் குறிப்பெழுதக் கொஞ்சம் இடம் உண்டு. மத்தியானமானால் அதில் ‘சாப்டாச்சு’ என்று எழுதுவார். ஏழு வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை. பசிக்கும் நேரம் மட்டும் தெரியும்.

இனி என் குற்றம். வந்ததைக் கொடு என்று நிரல் கேட்டால் யானை இரண்டு தரும். பஃபர் என்ற பாத்திரத்தில் செய்தி. கூடவே எத்தனை பைட் வந்தது என்ற எண். எண்பது என்றால் நலம். பூஜ்யம் என்றால் எதிர்முனையில் ஆள் இல்லை, ஒன்றும் வரவில்லை, கடையைக் கட்டு. நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. பாத்திரத்தில் கிடந்ததை அப்படியே திரையில் கொட்டினேன். இணைப்பு அறுந்தால் பழைய செய்தியே திரும்பத் திரும்ப வரும். போன வருடம் அப்படித்தான், என்றோ வடிந்துபோன வெள்ளம் ஒன்று திரையில் நின்றுகொண்டே இருந்தது. அபாயச் சங்கு ஊதினார்கள். ஆற்றோரத் தெருவே கட்டில், டிவியோடு பள்ளிக்கூட மாடிக்கு ஓடியது. ஒரு சொட்டு வரவில்லை. ஓடியவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அதைத் திருத்தத்தான் அந்த ஞாயிறு வந்திருந்தேன். முதல் படி, எண்ணையும் திரையில் காட்டு. முடித்துவிட்டேன். இரண்டாம் படி, பூஜ்யம் வந்தால் இணைப்பை மூடு. அதற்கு முன் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வெளியே மழை.

1:45. எண்பது பைட். மட்டம் 12.1. குறிப்பு: ‘இன்னும் சாப்டல.’

1:50. எண்பது பைட். மட்டம் 13.0. குறிப்பு இல்லை.

1:55. பூஜ்யம். திரையில் 1:50-இன் அதே வரி. இணைப்பு போய்விட்டது, பாத்திரத்தில் மிச்சம். திருடன் கையும் களவுமாகச் சிக்கினான். எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

2:00. பூஜ்யம்.

மட்டம் 13.9.

தேநீரைக் கீழே வைத்தேன். மிச்சம் என்றால் பழையதுதானே இருக்க வேண்டும்? இது புதிது. நேரமும் 2:00 என்றே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த நிரலின் நினைவகத்தைத் திறந்து, பாத்திரத்தின் எண்பது இடங்களையும் என் கையாலேயே வெற்றிடமாக்கினேன். துடைத்து வைத்த தட்டு. இனி அதில் ஒரு பருக்கை இருக்க வழியில்லை.

2:05. பூஜ்யம். மட்டம் 14.8. குறிப்பு: ‘குளிருது.’

குடிலுக்குத் தொலைபேசி போட்டேன். மணி அடிக்கவில்லை. காற்று மாதிரி ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

மட்டம் பதினாறைத் தாண்டினால் ஆற்றோரத் தெரு மூழ்கும். போன வருடக் கூத்துக்குப் பிறகு, மேலாளர் சொல்லாமல் சங்கு ஊதக்கூடாது என்று ஆணை. மேலாளர் மூச்சுக்கு மூச்சு ‘தொலைநோக்கு’ என்பவர்; அதுவே அவர் பெயராகிவிட்டது. வீட்டில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தன பைட் வந்துச்சு?”

“பூஜ்யம், சார்.”

“அப்ப வரல. வராத டேட்டாவுக்கு சங்கு ஊதினா, எனக்குத்தான்யா சங்கு ஊதுவாங்க.”

வைத்துவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாகத் தொழில்நுட்ப ரீதியில் சரியாகப் பேசினார்.

அக்காவை அழைத்தேன்.

“போன தடவ ஓடினதுல கட்டில் கால் ஒடஞ்சுது. இப்ப உன் அத்தானுக்கே கால் ஒடஞ்சு மாவுக்கட்டோட கெடக்காரு. எங்கடா தூக்கிட்டு ஓட?”

“அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன்.”

“சங்கு ஊதட்டும். நாலு பேர் தூக்க வருவாங்க. அப்ப போறேன்.”

அவள் சொன்னதும் சரி. அன்று எல்லோரும் சரி. தப்பு செய்தவன் நான் ஒருவன்தான்.

மறுபடி பாத்திரத்தைத் துடைத்தேன். திரை காலி.

2:10. பூஜ்யம். 15.7. குறிப்பு: ‘ஏன் உக்காந்திருக்கீங்க.’

உட்கார்ந்துதான் இருந்தேன்.

எழுந்தேன். யானையின் பின்னால் போனேன். அவரிடமிருந்து வரும் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

இனி வர முடியாது...

2:15.

பூஜ்யம்.

16.6.

அளவுகோல் பதினாறோடு முடிகிறது. அதற்கு மேல் கோடே கிடையாது.

குறிப்பு: ‘ஊதுங்க.’

ஓடினேன்.

சங்கு அறையில் காவலாளி. சாவி அவரிடம்.

“ஊதுங்கண்ணே. சார் சொல்லிட்டாரு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பொய்ச் சத்தியம். 2:18-க்குச் சங்கு அலறியது. அத்தானை நான்கு பேர் நாற்காலியோடு மாடிக்கு ஏற்றினார்கள். போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனாராம். 2:50-க்குத் தண்ணீர் வந்தது. தெருவில் வீடுகளின் கூரை மட்டும் தெரிந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் மேலே போன மீட்புக்குழு குடிலைத் தேடியது. குடிலே இல்லை. எதிர்க்கரையில் விறகு பொறுக்கிய இருவர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்: 1:50 தாண்டியதும் சரிவு மொத்தமாக ஆற்றில் இறங்கியது, குடில், கம்பம், மேட்டுக்காரர் எல்லாம் அதோடு. நான்காம் நாள், சரிந்த இடத்திலேயே, சேற்றுக்கடியில் அவர் கிடைத்தார். சாப்பாட்டு டப்பா பக்கத்தில். திறக்கவில்லை.

பொறியாளர் வந்து பாறையில் படிந்த சேற்றுக்கோட்டை அளந்தார். வெள்ளத்தின் உச்சம் 16.6. நாங்கள் எல்லோரும் நீர்மட்டத்தை மேலே நின்று படிப்பவர்கள். அன்று யாரோ அதைக் கீழே கிடந்து படித்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவையே தன் தொலைநோக்கால் காப்பாற்றியதற்காக மேலாளருக்குப் பாராட்டு விழா நடந்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது: பூஜ்யம் பைட் வந்தும் செய்தியைக் காட்டுகிற குறையை உடனே திருத்தவும்.

திருத்திவிட்டேன். இப்போது பூஜ்யம் வந்தால் நிரல் இணைப்பை மூடிவிடுகிறது. பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.