குடியோட்டி விதையும் கிரஷர் ஷெட்டும்

1. வீங்கிய கால்

சுனிதாவின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஏழு மாதக் கர்ப்பம். பிபி நார்மல். யூரின் டெஸ்ட்டில் ஆல்புமின் இல்லை. கர்ப்பகால வீக்கம்தான் என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

காரிமங்கலத்துக்கு அப்பால் ஒரு ஜல்லி கிரஷர். பீகாரிலிருந்து வந்தவர்கள் பக்கத்திலேயே தகர ஷெட்டில் தங்கி வேலை பார்த்தார்கள். நான் அந்தப் பகுதியின் கிராம சுகாதார நர்ஸ். ஷெட்டுக்கு மொத்தச் சமையலும் சுனிதாதான். அவள் புருஷன் ரமேஷ் லோடு ஏற்றுவான், தமிழ் ஓரளவு பேசுவான்.

"நர்ஸம்மா, எனக்கும் இருக்கு" என்று பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினான். அதே வீக்கம். தோல் சிவந்திருந்தது. தொட்டால் எரிகிறது என்றான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார் ஒருவர்.

வாட்ச்மேன் சின்னசாமி உள்ளூர்க்காரர். அவருக்கு ஒன்றும் இல்லை.

"நீங்க இங்க சாப்பிடுறதில்லையா அண்ணா?"

"இல்லீங்க சிஸ்டர், நமக்கு வூட்டுச் சோறுதான். இவுங்க கடுகெண்ணெ வாசமே எனக்கு ஆவாது."

உடனே பிஹெச்சி டாக்டருக்கு போன் செய்தேன். சின்ன வயதுப் பெண், ஆனால் நிதானமானவர். "எல்லாரும் ஒரே சமையலா? கடுகெண்ணெய்னா முதல்ல அதை நிறுத்துங்க சிஸ்டர். கர்ப்பிணியை 108-ல ஏத்துங்க, நான் ஜி.ஹெச்.சுக்குப் பேசுறேன்" என்றார்.

2. மில்

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரி மாதப்பனைக் கேட்டேன். அவருக்கு எரிச்சல்.

"கம்பெனி எண்ணெ கட்டுப்படி ஆவலீங்க. இங்கத்த மில்லுலயே கடுகு ஆட்டிக் குடுத்தாங்க. அதுல என்னங்க இருக்குது?"

மறுநாள் டாக்டரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் மில்லுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கம் கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராகக் கடுகு போடுவார்கள். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பினார் அதிகாரி. வழவழப்பான கடுகுக்கு நடுவே சொரசொரப்பாக வேறொரு விதை. ஒன்றிரண்டு அல்ல, நிறைய.

அது குடியோட்டி விதை. பிரம்மதண்டு என்றும் சொல்வார்கள். சாம்பல் பூத்த முள் இலை, மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். சிறு வயதில் சிரங்குக்கு அந்தப் பாலைத் தடவியிருக்கிறோம். ஆடுகூட வாய் வைக்காது. அது மண்டினால் குடி இருந்தவர்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான் என்று பெரியவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நான் பார்த்தவரை நடந்தது தலைகீழ். மழை ஏமாற்றி, ஆட்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகுதான் தரிசில் அது ஏறியது. பக்கத்துக் காட்டுக் கடுகோடு அறுப்பில் சேர்ந்தது. அந்த விதை எண்ணெயில் கலந்தால் உடம்பு வீங்கும், இதயம் பழுதாகும் என்றார் டாக்டர்.

மில்காரர் கைகட்டி நின்றார். "ரெண்டும் ஒரே சைஸுங்க, சல்லடைல நிக்காதுங்க."

"தனியா தெரியுதே, பாக்கலையா?" என்றார் டாக்டர்.

"நம்ம ஜனம் யாரும் இந்த எண்ணெய திங்கறதில்லீங்களே மேடம். அதனால கவனிக்கல."

பயந்துபோய் உளறியதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் புரியக்கூடிய காரணத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

3. ஜி.ஹெச்.

எண்ணெயை நிறுத்தியதும் ஆண்களுக்கு மெல்ல வீக்கம் வடிந்தது. சமைக்கும்போது ருசி பார்த்து, எல்லோரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்ற சுனிதாவுக்கு வடியவில்லை. தர்மபுரியில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அடுத்த நாள் இதயம் தாங்காமல் அவளும் போய்விட்டாள்.

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. இங்கேயே எரித்தார்கள். முடித்துவிட்டு வந்த ரமேஷ் என்னிடம், "எந்தச் செடி நர்ஸம்மா? காட்டுங்க" என்றான். கிரஷருக்கு வெளியே ரோட்டோரத்தில் நின்றதைக் காட்டினேன். வெறுங்கையால் பிடித்து இழுத்தான். முள் ஏறி ரத்தம் வந்தது, விடவில்லை. ஒன்றைப் பிடுங்கி அடுத்ததற்குப் போனான். அதற்கப்பாலும் தரிசு முழுக்க மஞ்சள் பூ.

சின்னசாமிதான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "வுடுப்பா. இது அதும்பாட்டுக்கு மொளைக்குது. இது யாரு சட்டிலயும் தானா போயி வுழல."

மில்லுக்குச் சீல் வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் வேறு பெயரில் அதே இடத்தில் மெஷின் ஓடியது. ரமேஷ் ரயில் ஏறிவிட்டான். ஷெட்டுக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள், சமைக்க வேறொரு பெண்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். மாதப்பன் ஓடி வந்தார். "எதுக்குங்க சிஸ்டர் பழசெல்லாம் சொல்லிப் பயமுறுத்துறீங்க? வந்த ஆளும் போயிரும்."

"போனா உயிரோட போவட்டும்" என்றேன்.

ரிட்டயர் ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் கேட்டால் சொல்வது இதுதான். பிபி கருவியை எடுக்கும் முன் அடுப்படிக்குப் போங்கள். எண்ணெய் எது, எங்கே ஆட்டியது என்று கேளுங்கள். முக்கியமாக, அதை ஆட்டியவர்கள் தங்கள் வீட்டில் அதை ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள்.