நிறுவை மேட்டில் பால் நேரம்

போன ஞாயிறு எங்கள் மலையூரான ரிங்லெட்டின் கோயில் மண்டபத்தில் அக்கா மகனுக்குப் பெயர் வைத்தார்கள். மாமன் நான் இருந்தேன், அம்மா இருந்தார், அத்தான் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பிள்ளையும் பிள்ளையின் தாயும்தான் இல்லை. தேடிப் போனால், அக்கா அந்த வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தோளில் துண்டைப் போர்த்திப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "உள்ள எல்லாரும் பாக்குறாங்கடா" என்றாள்.

கதவைத் திறந்ததும் வந்த அந்தப் பால்வாடை என்னை நேரே எங்கள் தோட்டத்து நிறுவை மேட்டில் கொண்டுபோய் விட்டது.

ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், அங்கே தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். சட்டைப் பையில் பேனா இல்லாமல் லயத்து வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன். பத்து மணி வாக்கில், மேலே பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையிலிருந்து கைப்பிள்ளைகளைத் தூக்கி வருவார்கள். பெண்கள் கூடையை இறக்கிவிட்டு, சாலையோரமே உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். கங்காணி வேலை பேசுவார், லோரிக்காரர் வெற்றிலை கேட்பார். யாருக்கும் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நான் மட்டும் தராசைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்தபடி எடை சொல்வேன்.

"என்னா கிராணித் தம்பி, நீ புட்டிப்பால் குடிச்சா வளந்தே?" என்பாள், மடியில் பிள்ளையோடு அஞ்சலை. மேடே சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார் என்பதுதான் கொடுமை.

அஞ்சலையின் மகள் எடை குறைந்து பிறந்தவள். புட்டியை வைத்தால் துப்பிவிடுவாள். தாய்ப்பால் தவறாமல் போனால்தான் தேறுவாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு புதுச் சின்னத்துரை வந்தார். தமிழ் தெரியாதவர். தோட்டம் பார்க்க வரும் பஸ்கள் அந்தச் சாலையில்தான் நிற்கும். விருந்தாளிகள் கூச்சப்படுகிறார்களாம், இனி உரக் கொட்டகைக்குள் போய்த்தான் பால் கொடுக்க வேண்டுமாம். ஆங்கிலம் படித்த பாவத்துக்கு நான்தான் அதைத் தமிழில் சொன்னேன்.

அஞ்சலை மடியிலிருந்த பிள்ளையை அசைக்கவே இல்லை. "அந்த நாத்தத்துல ஒக்காந்து அவரு சோறு தின்பாரான்னு கேளு தம்பி."

கேட்டேன். ஒரு சொல் குறைக்காமல் கேட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். உத்தரவு மட்டும் அப்படியே நின்றது.

மறுநாள் பிள்ளைகள் மேட்டுக்கு வரவில்லை. உரக் கொட்டகைக்குப் போகாமல், தாய்மாரே ஆயாக்கொட்டகைக்கு ஏறினார்கள். செங்குத்தான பாதை, போய்வர நேரம் பிடிக்கும். அவர்கள் பின்னாலேயே, பால் மறந்து பல வருஷமான பெண்களும் கூடையை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

"நீங்கள்லாம் எங்க போறீங்க?" என்று கங்காணி பதறினார்.

"தொணைக்குத்தான்லா" என்றார் என் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

நானும் தராசும்தான் மிச்சம். கூடைக்கு உரியவர் இல்லாமல் நிறுக்க முடியாத கொழுந்து கூடைக்குள் அமுங்கிச் சூடேறிச் சிவந்தது. லோரி காலியாக ஆலைக்குத் திரும்பியது. சாயங்காலம் பெரிய துரையே வந்து பார்த்தார். விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "பழைய எடத்துலயே குடுத்துக்குங்க."

இப்போது அந்த மேட்டில் சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. ரிங்லெட் கடைகளில் பால்மாவு டின்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நாலு பேரோடு சிரித்துப் பேசும் தாயைத்தான் எந்தச் சாலையோரத்திலும் காணோம். அஞ்சலை மகள் தேறிவிட்டாள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஆண்பிள்ளைகளை முந்துகிறாளாம். கேட்கும்போதெல்லாம் அந்த ஏற்றத்தில் நடந்த பெண்களை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அந்த ஏற்றம் நடந்த மாதச் சம்பளத்தில், கொழுந்து கெட்டதற்கென்று, ஏறிப்போன எல்லாருக்கும் வெட்டு விழுந்தது. அஞ்சலை காதுபட ஒருத்தரும் அதைப் பேசவில்லை. அம்மா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, எப்போதும்போல வீட்டுக்கு நடந்தார். வெட்டு, ஆளுக்கு அரை நாள் கூலி.