புளியரைச் சாவடியில் ஒரு கச்சேரி

குற்றாலத்தில் குளித்துவிட்டு, கொச்சியில் ஜாஸ் வாசிக்கப் போகிறோம். புளியரைச் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்துகிறார்கள். டிரம்மர் தாமஸ் புதிதாக வாங்கிய கரீபியன் ஸ்டீல் டிரம்மைப் பெண் காவலர் தட்டிப் பார்க்கிறார்.

“அண்டா பூரா நெளிஞ்சு கெடக்கே. எங்கருந்து கொண்டு வாரிய?”

“வாத்தியம்க்கா,” என்று தாமஸ் இறங்கி கலிப்ஸோ என்ற கரீபியன் ஆட்ட மெட்டு ஒன்றை வாசிக்கிறான். பின்னால் நிற்கும் லாரி ஓட்டுநர்கள் வந்து தோளைக் குலுக்கி ஆடுகிறார்கள்.

ஜாஸில் இதையெல்லாம் கலக்கக் கூடாது என்று மதுரையிலிருந்து அவனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறேன். சாக்ஸபோனும் கையுமாக வேனிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

“அண்ணாச்சி, நீங்க மட்டும் ஏன் உம்முன்னு இருக்கிய? அதையும் ஊதுங்க, கேப்போம்,” என்று காவலர் வேனுக்குள் எட்டிப் பார்க்கிறார்.

இறங்கி ஊதுகிறேன். இரண்டாவது சுற்றில் என் கால் தானாகத் தாளம் போடுகிறது.

“சரி, கெளம்புங்க,” என்று காவலர் சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்குகிறார். தாமஸ் குச்சிகளை உறையில் போடுகிறான்.

“இன்னொரு தடவை வாசிப்போம்டா,” என்கிறேன்.