வாட்டத்தில் நின்ற வாஷிங் மெஷின்

போன வாரம் வாஷிங் மெஷினுக்கு சர்வீஸ் பண்ண மெக்கானிக் வந்திருந்தார். துணி நன்றாக வெளுக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. தன் செல்போனை எடுத்து மெஷின் தலைமேல் படுக்க வைத்தார். திரையில் ஒரு பச்சை வட்டம், நடுவே பூஜ்ஜியம். "லெவல் சூப்பரா கீது சார். பூகம்பமே வந்தாலும் நவுராது" என்றார். பாராட்டுதான். எனக்கு என்னவோ வயிற்றெரிச்சலாக இருந்தது.

நகராத மெஷினைப் பார்த்து வயிறெரிகிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் மெஷின் செமி ஆட்டோமேட்டிக். கம்பெனியில் என் சூப்பர்வைசர் வீடு மாற்றிப் போகும்போது "எடுத்துக்கினு போயிடுப்பா, எடத்த அடைக்குது" என்று தள்ளிவிட்டது. உத்திரமேரூர் வரைக்கும் ஒரு குட்டியானை வண்டியில் வந்து, அங்கிருந்து எங்கள் ஊரான பெருநகர் வரைக்கும் இன்னொரு வண்டியில், மாட்டுத் தீவன மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. முதல் ஒரு மாதம் எங்கள் துணியில் புண்ணாக்கு வாசனை அடித்தது. இன்றைக்கும் எங்கேயாவது புண்ணாக்கு ஊறுகிற வாசனை வந்தால் எனக்கு மாடு ஞாபகம் வராது, சலவைதான் ஞாபகம் வரும்.

அந்த மெஷினில் சூப்பர்வைசர் வீட்டிலிருந்து வந்த பாகம் என்று பார்த்தால் கடைசியில் வெளி டப்பா மட்டும்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் என் கைவரிசை. டிரையர் மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்க வேண்டிய கம்பி அறுந்திருந்தது. சைக்கிள் கடையில் பிரேக் ஒயர் வாங்கிப் போட்டேன். தண்ணீர் வெளியே போகிற குழாய் விரிந்துபோனதால் நெல்லுக்கு மருந்தடிக்கிற இயந்திரத்தின் பழைய ஓஸைச் சொருகி, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினேன். டைமர் குமிழ் உடைந்து போய்விட, பிரிட்ஜ் குமிழை மாட்டினேன். அதனால் துவைக்கிற நேரத்தை "கூல்", "கோல்டு", "மேக்ஸ்" என்றுதான் வைக்க வேண்டும். சட்டைக்கு கூல், போர்வைக்கு மேக்ஸ். எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

சரி செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான். தரை. வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் பூசிய மேஸ்திரி, தண்ணீர் ஒரு சொட்டு தேங்கக்கூடாது என்று வாழை மரத்தைப் பார்த்துச் சரிகிற மாதிரி நல்ல வாட்டம் வைத்துவிட்டார். தண்ணீர் ஓடியது. டிரையர் போட்டால் மெஷினும் ஓடியது. தடதடவென்று அதிர்ந்துகொண்டே வாழையைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். பிளக் ஒயர் நீளம் இருக்கிற மட்டும் போகும்.

அதற்கு ஒரு வழி செய்திருந்தோம். ரேவதி மெஷின்மேல் ஏறி உட்காருவாள். நான் முன்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்பேன். ரேவதி என் மனைவி. தை மாதம் கல்யாணம் ஆனது. அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பகல் ஷிஃப்ட். எனக்கு ஒரகடத்தில் செகண்ட் ஷிஃப்ட். அவள் கிளம்பும்போது நான் தூக்கம், நான் வரும்போது அவள் தூக்கம். வாரம் ஆறு நாளும் அவள் இருக்கிறாள் என்பதற்குச் சாட்சி அடுப்பு மேல் மூடி வைத்த குழம்புதான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள். அதில் பாதி நாள் நான் தூங்குவேன். மீதியில் இரண்டு பேர் கம்பெனி யூனிஃபார்மும் சேர்த்து ஆறு ஈடு துணி. ஈட்டுக்கு ஐந்து நிமிஷம் டிரையர். ஆக, அரை மணி நேரம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்கிற குரலில் சொன்னாள். "ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போறன் இல்ல, அப்டியே அங்கியே இருந்துடறன் மாமா. புள்ளலூர்லேர்ந்து கம்பெனி கிட்ட. உனுக்குப் பகல் ஷிஃப்ட் கெடச்சா வந்து கூப்புடு."

ஆடிக்குப் புதுப்பெண் தாய்வீடு போவது ஊர் வழக்கம். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஆவணியில் நான் மட்டும் தனியாகத் திரிந்தால்தான் கேட்பார்கள். எனக்குப் பகல் ஷிஃப்ட் கிடைப்பது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமாகவும் இல்லை. மோர் ஊற்றிக்கொண்டேன்.

வாரம் முழுக்க யோசித்தேன். பஸ்ஸில் வந்து போகும் அலுப்பு, அதற்குமேல் சமையல், ஒருநாள் லீவிலும் ஆறு ஈடு துணி, போதாததற்கு மெஷின்மேல் குதிரை சவாரி. எந்தப் பெண் இருப்பாள்? வேலையைக் குறைத்தால் தங்கிவிடுவாள் என்று முடிவுகட்டினேன். என் மூளை ஸ்பேனர் போகிற அளவுக்குத்தான் போகும்.

கம்பெனியில் பெரிய மெஷின்களுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டைகள் உண்டு. பழசாகிக் கழித்ததில் நாலு கேட்டு வாங்கினேன். வாட்டத்துக்கு ஏற்றபடி பலாக்கட்டையைச் சீவி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திரும்பச் சீவி, இரண்டு காலைப் பொழுது அதிலேயே போனது. பொய் சொல்வானேன், அந்தச் சீவலில் ஒரு சுகம் இருந்தது. பெண்டாட்டி போகப்போகிறாள் என்பதே நடுநடுவில் மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். மெஷின்மேல் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்து டிரையரைத் திருப்பினேன். மெஷின் நின்ற இடத்தில் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. "எப்டி?" என்றேன்.

டம்ளரையே பார்த்தாள். "நல்லாகீது" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மூன்று ஈடும் நான் தனியாகப் போட்டேன். பிழிந்த துணியை உதறினேன். கிளிப் மாட்டினேன். ஒரு மனுஷி வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பரண்மேல் இருந்த பெரிய பை கீழே இறங்கியிருக்கிறது. ஆடிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"இப்பவே இன்னா அவசரம்?" என்றேன்.

"வாரத்துல அந்த அரமணி நேரந்தான் மாமா உன் மொவத்தப் பாத்து நாலு வார்த்த பேசறன். அதையும் கட்ட வெச்சு நிறுத்திட்ட. இனிமே இங்க இருந்தா இன்னா, புள்ளலூர்ல இருந்தா இன்னா?" என்றாள். அழுகையெல்லாம் இல்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் நேரே பின்பக்கம் போனேன்.

இரண்டு காலை செய்த வேலையைப் பிடுங்கிப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டைகளை வாழைக்கு அந்தப் பக்கம் வீசினேன். ஈரத் துணியைப் போட்டு டிரையரைத் திருப்பினேன். மெஷின் ஒரு குலுக்கு குலுக்கி வழக்கம்போலப் புறப்பட்டது. நான் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, ஓடுது பாரு! புடி மாமா! நின்னு வேடிக்க பாக்கற?" என்று ஓடிவந்தவள் ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தாள். முட்டுக்கொடுத்தேன். அன்றைக்குக் காய்ந்த துணியையும் நனைத்து இன்னும் இரண்டு ஈடு போட்டோம்.

ஆடிக்குப் போனாள். ஆவணி முதல் தேதி காலையில் அவளே வந்து இறங்கினாள். அப்புறம் ஏழு வருஷம் அந்த மெஷின் எங்களை வைத்து ஆடியது. அந்தச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நாத்தனார் சண்டை, லைன் லீடர் திட்டியது, எல்லாமே கத்தல். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதைக்கூடக் கத்தித்தான் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மல்லிகாக்கா, "எத்தினி நாளாவுது?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் குழந்தை இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறது. எனக்கும் பகல் ஷிஃப்ட் கிடைத்து வருஷக்கணக்காகிறது. பின்பக்கம் டைல்ஸ் போட்டாயிற்று. புது மெஷின் தானே தண்ணீர் பிடித்து, தானே துவைத்து, தானே பிழிகிறது. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். நேரம் கொட்டிக் கிடக்கிறது. அவள் முன்ரூமில், நான் மாடியில் எதையாவது கழற்றிக்கொண்டு.

நேற்று ஞாயிறு. துணி போடுமுன் பாக்கெட் பார்ப்பது என் வேலை. அவள் யூனிஃபார்ம் கோட்டில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. காஞ்சிபுரத்தில் ஏதோ ஸ்கேன் சென்டர். அவள் பெயர். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

"அதுவா, மார்ல கட்டி மாதிரி இருந்துச்சு. பயந்துகினு போய் எடுத்தன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றாள்.

"தனியாவா போன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

கோபமில்லை அவளுக்கு. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சொல்லணும்னுதான் மாமா இருந்தன். எங்க வெச்சு சொல்றது? அதுக்குன்னு ஒரு எடம் வோணாமா?"